தேர்தல் முடிந்து திரும்பிய துப்பாக்கியும் இரும்பு நாரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பராமரிப்பது பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. நல்ல விஷயம்தான். எங்கள் போடி பக்கம் ஏலத்தோட்டக்காரர்கள் சிலரிடம் துப்பாக்கி இருப்பதால் டீக்கடையில் அந்தத் தாள் கை மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள் பாருங்கள், பேரலுக்குள், அதாவது குழலுக்குள், பிடித்த பழைய அழுக்கு போகவில்லை என்றால் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கம்பியில் சுற்றி மண்ணெண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்க்கலாம் என்று, அதைப் படித்ததும் எனக்கு டீ இறங்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆளாக, 22 வருடம் இருந்தவன். சேர்ந்தபோது கையில் கொடுத்தது 7.62 எஸ்எல்ஆர் ரைஃபிள், வெளியே வரும்போது 5.56 இன்சாஸ் வந்துவிட்டது, நடுவில் பழைய .303 எத்தனை என் மேஜைக்கு வந்து போனது என்று கணக்கே இல்லை. அதில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். சுட்டுத் தேய்ந்த பேரலை விட, சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்துக் கெடுத்த பேரல்தான் அதிகமாக என்னிடம் வந்தது. .303க்குக் கொடுக்கும் புல்த்ரூ கயிறு தெரியுமா, ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் சிந்தி, அதாவது துடைக்கும் துணித் துண்டு, மாட்டும் வளையம், அதைப் பின்பக்கமாக இறக்கி முன்பக்கமாக நேராக இழுக்க வேண்டும். அவசரத்தில் சாய்த்து இழுத்து இழுத்து, குழல் வாயில் ஒரு பக்கம் மட்டும் கயிறு தடம் பதிந்த ரைஃபிள்கள் உண்டு, கிணற்று மேட்டுக் கல்லில் தாம்புக்கயிறு அறுத்த தடம் மாதிரி. வெறும் பருத்திக் கயிறுதான், அதில் ஒட்டிய மண்ணும் கரியும் சேர்ந்து இரும்பை அறுத்துவிடும். கயிறே அப்படி என்றால் இரும்பு நார் என்ன செய்யும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. அறிவிப்பு வந்த சில நாளில் லைசென்ஸ் உள்ள எல்லாரையும் போல என் பக்கத்து வீட்டுத் தம்பியும் தன் .315 ரைஃபிளைத் தேர்தல் முடியும் வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தான். இஷாப்பூரில் செய்தது, அவன் அப்பா காலத்துத் துப்பாக்கி. .303 தனியாருக்குக் கிடையாது என்பதால் நம் நாட்டில் ரைஃபிள் லைசென்ஸ் உள்ளவர்கள் பலரிடம் இருப்பது இந்த .315தான். கொடுப்பதற்கு முன்னால் துரு பிடிக்கக் கூடாதே என்று பயந்து, லாரி பேரிங்குக்குப் போடும் கிரீஸை விரல் போகிற தூரம் வரை இரண்டு பக்கமும் அப்பி, மீதி இடத்துக்குத் தேங்காய் எண்ணெயை ஊற்றி, பாலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் சாக்கு கட்டிக் கொடுத்திருக்கிறான். பிள்ளை பெற்றவளுக்குக்கூட அவ்வளவு பத்தியம் பார்க்க மாட்டார்கள்.

ஜூன் மாதம் திரும்பி வந்தபோது உள்ளே டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடித்து, பழைய கரியோடு சேர்ந்து, பழுப்பாக ஒரு பூச்சு மாதிரி உறைந்திருந்தது. தம்பி என்னிடம் வருவதற்கு முன்னால் தானே ஒரு கை பார்த்துவிட்டான். சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றில் கிழிசல் வேட்டியைச் சுற்றி, குழல் வாய் வழியாக உள்ளே தள்ளியிருக்கிறான், துணி பாதியில் சிக்கிக்கொண்டு கம்பி மட்டும் வெளியே வந்துவிட்டது. அப்புறம் சொன்னான் ஒரு வார்த்தை, "அண்ணே, ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் துணி தன்னால் பறந்துவிடாதா?"

இதை உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் மனதுக்குள் நினைத்திருப்பார்களோ தெரியவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். குழலுக்குள் எது அடைத்திருந்தாலும், துணியோ, குளவிக்கூடோ, கெட்டி கிரீஸோ, அதைச் சுட்டு வெளியேற்ற நினைக்கக் கூடாது. பின்னால் வரும் குண்டு அடைப்பில் முட்டும் இடத்தில் அழுத்தம் சட்டென்று ஏறி, குழல் பாம்பு இரை விழுங்கிய மாதிரி புடைத்துவிடும், இல்லையென்றால் பிளந்துவிடும், பிளக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உங்கள் இடது கை இருக்கும். துணி எதுவும் இல்லாமல் வெறும் கிரீஸ் தடித்து நின்றாலே ஆபத்துதான். சுடுவதற்கு முன்னால் குழல் உள்ளே உலர்ந்து இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம்.

சரி, வேலையைத் தொடங்கினோம். முதல் காரியம் துப்பாக்கி காலிதானா என்று பார்ப்பது. ஸ்டேஷனிலிருந்து வந்ததுதானே என்று விட முடியாது, பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிய பிறகுதான் கை வைத்தேன். போல்ட்டைக் கழற்றினால் பின்பக்கம் திறந்துவிடும். சிக்கிய துணி முன்பக்கமாகப் போனது, ஆகவே பின்பக்கமிருந்துதான் தள்ள வேண்டும், போன வழியே திரும்பட்டும். இரண்டு பக்கமும் மெலிந்த எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, குழலுக்கு ஏறத்தாழ நிறைந்து நிற்கும் பித்தளைத் தண்டால் காலையில் மெதுவாகத் தள்ளியதும் வந்துவிட்டது. ஒல்லிக் கம்பியால் தள்ளினால் துணியின் நடுவில் குத்தி விரித்து இன்னும் இறுக்கும், அதைத்தான் தம்பி செய்திருந்தான்.

அடுத்தது கிரீஸ். இதற்கு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ போதும், உங்கள் கட்டுரையில் மண்ணெண்ணெய் என்று சொன்னது இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சரி. தேங்காய் எண்ணெய்ப் பூச்சுக்குத்தான் மண்ணெண்ணெய் அசையவில்லை. பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் கார்புரேட்டர் கிளீனர் கொஞ்சம் வாங்கி வந்து, சிந்தியை நனைத்து ஊறவைத்து ஊறவைத்து எடுத்தோம், டீத்தூள் நிறத்தில் கரைந்து வந்தது. இந்த மாதிரி திரவங்கள் கட்டையின் வார்னிஷைத் தின்றுவிடும். அதனால் துப்பாக்கியை வைக்கும்போது குழல் வாய் கொஞ்சம் தாழ்ந்து இருக்கட்டும், வழிவது முன்பக்கமாக வழியட்டும். தயவு செய்து யாரும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதையும் துப்பாக்கிக்குப் போடாதீர்கள், தலைக்கும் சமையலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் எண்ணெய் பெட்டிக்கடையில் கிடைக்கிறது, அது மேல்.

கிரீஸ் போனதும் எல்லாம் முடிந்தது என்று தம்பி நினைத்தான். அப்போதுதான் உண்மையான அழுக்கே தெரிய ஆரம்பித்தது.

குழலுக்குள் அழுக்கு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம், அது ஒரே பொருள் இல்லை. வெடிமருந்து எரிந்த கரி ஒன்று. தோட்டாவின் செம்புக் கவசம் உரசி ஒட்டிய செம்பு ஒன்று, .22 மாதிரி வெறும் ஈயக் குண்டாக இருந்தால் ஈயம். பழைய தோட்டாக்களில் கேப் (தோட்டாவின் அடியில் நெருப்பு மூட்டும் சிறு பாகம்) வெடித்துத் தங்கிய உப்பு இன்னொன்று. இவை பழைய வீட்டுச் சுவரில் வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும், ஒரு முறை சுடும்போது கரி படியும், அடுத்த குண்டு அதன் மேல் செம்பைத் தடவிவிட்டுப் போகும், அதன் மேல் மறுபடி கரி. மேலே செம்பு மூடியிருக்கும் வரை கரியைக் கரைக்கும் மருந்து உள்ளே இறங்காது, கரி மூடியிருக்கும் வரை செம்பைக் கரைப்பது இறங்காது. "என்ன தேய்த்தாலும் போகவில்லை" என்று ஆட்கள் சொல்வது இதனால்தான். போகாததற்குக் காரணம் பலம் போதாதது இல்லை, வரிசை தெரியாதது. பலத்தைக் கூட்டினால் அழுக்கோடு ரைஃபிளிங்கும் (குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளங்கள்) போகும், அவற்றின் ஆழம் கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

கரிக்கு ஊறவைப்பதுதான் வழி. துப்பாக்கிக் கடையில் இதற்கென்று விற்கும் சால்வென்ட் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் துருவில் இறங்கும் மெலிந்த எண்ணெய். நனைத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வெண்கல பிரஷ், குழல் அளவுக்குச் சரியானது, பின்பக்கமிருந்து முன்பக்கம் முழுசாக வெளியே வரும் வரை தள்ளி, அப்புறம் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தித் திருப்பினால் பிரஷ் மயிர் மடங்கிச் சிக்கும். வெண்கலம் இரும்பை விட மெத்து, தேய்ந்தால் பிரஷ்தான் தேயும்.

செம்புக்கு அமோனியா. இதை யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான், இரும்பைத் தொடாமல் செம்பை மட்டும் கரைத்து எடுக்கும், கரைந்ததும் ஆழ்ந்த நீல நிறமாக வரும். நனைந்த சிந்தியைத் தள்ளி, பத்து பதினைந்து நிமிஷம் விட்டு, உலர்ந்த சிந்தியைத் தள்ளினால் நீலமாக வெளியே வரும், தம்பியின் பையன் உஜாலா ஊற்றினீர்களா தாத்தா என்று கேட்டான். நீலம் வருவது நிற்கிற வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு, பித்தளைத் தண்டும் வெண்கல பிரஷ்ஷும் செம்பு கலந்தவைதானே, அவற்றையும் அமோனியா கரைக்கும், குழலில் செம்பே இல்லாவிட்டாலும் சிந்தி நீலமாக வரும், நீங்கள் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். அமோனியா போடும்போது நைலான் பிரஷ், பிளாஸ்டிக் முனை. உள்ளேயே காயவிடக் கூடாது, முடிந்ததும் துடைத்து எண்ணெய் விட வேண்டும். சன்னல் கதவு திறந்திருக்கட்டும், கண்ணில் படக் கூடாது, பிளீச்சிங் பவுடர் இருக்கும் பக்கமே கொண்டு போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வருவது விஷ வாயு.

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே புளியைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. புளி எடுப்பது செம்பின் மேல் பிடித்த களிம்பை, செம்பை இல்லை. செம்பையே எடுக்குமானால் நம் வீட்டு அண்டா குண்டாவெல்லாம் பாட்டி காலத்திலேயே கரைந்து போயிருக்கும். அது போக, புளியின் புளிப்பு இரும்பில் பட்டால் துரு. யூடியூப் பார்த்துவிட்டு இன்னொருவர் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் கரையும் என்றார். கரையும்தான், கரைந்து ஈய அசிட்டேட் ஆகும், அது தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உடம்புக்குள் போகிற விஷம், அதோடு பேரலின் நீலப் பூச்சையும் கெடுத்துவிடும். வேண்டாம்.

நீலம் நின்றதும் மறுபடி கரியைக் கரைக்கும் மருந்து போட்டேன், சிந்தி மையாகக் கறுத்து வந்தது, தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்றுத்தானே வெள்ளையாக வந்தது என்கிறான். நேற்று எடுத்தது மேல் சுண்ணாம்பு, இது அதற்கடுத்த பொங்கல். இப்படி மாற்றி மாற்றி நான்கு நாள் ஆனது, இதில் கை வேலை செய்த நேரம் மொத்தமாக மூன்று மணி நேரம்கூட இருக்காது, மிச்சமெல்லாம் ஊறிய நேரம்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் அது இல்லவே இல்லை. பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், அது வெடித்த பின் குழலில் படிவது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்புக்குச் சித்தப்பா மகன். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயில் கரையாது, அதன் மேல் எவ்வளவு கிரீஸ் பூசினாலும் அடியில் அது வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அது கரைவது தண்ணீரில் மட்டும். வெள்ளைக்காரன் காலத்து .303 சாமான்களில் ஒரு புனல் உண்டு, வளைந்த குழாய் வைத்தது, சேம்பரில் பொருத்திக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவதற்கென்றே செய்தது. இரும்பில் தண்ணீரா என்று பயப்படுவார்கள். கொதிநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், குழலும் சூடேறுவதால் மிச்ச ஈரம் தன்னால் ஆவியாகும், உடனே உலர்ந்த சிந்தி, அப்புறம் எண்ணெய். தம்பியின் அப்பா இதைச் செய்ததில்லை போல, கடைசியில் எல்லாம் கழன்ற பிறகு சேம்பருக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரிந்தன. அதற்கு மருந்து கிடையாது. குழியை எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள இரும்பை எடுக்க வேண்டும், அப்படியே விட்டுவிட்டு எண்ணெய் போட்டு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

இந்த அழுக்குப் பிரச்சினை நேற்றைக்கு வந்ததும் இல்லை. 1857 கலகத்தில் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கொழுப்பைத் தோட்டாவில் எதற்குப் பூசினார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்போது சிப்பாய்களுக்குக் கொடுத்த என்ஃபீல்டு ரைஃபிள் முன்பக்கமாக மருந்தும் குண்டும் போட்டு இடிப்பது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் சாம்பலும் கசடுமாகத் தங்கும், நாலு தடவை சுட்டால் ஐந்தாவது குண்டு இறங்காது, கொழுப்பு அந்தக் கசடை இளக்கி வைக்கும். குழல் அழுக்கு ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்த்திருக்கிறது என்று நான் விளையாட்டாகச் சொல்வது வழக்கம். அதே மாதிரி 1921இல் அமெரிக்காவில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் நடந்த துப்பாக்கி சுடும் போட்டிக்கு, செம்பு ஒட்டக் கூடாது என்று தகரப் பூச்சுப் போட்ட குண்டு கொடுத்தார்கள். கிரீஸ் தொடாதீர்கள் என்று சொல்லியும் பழக்கத்தில் சிலர் கிரீஸில் முக்கிச் சுட்டார்கள், அழுத்தம் எகிறித் துப்பாக்கிகள் சேதமாயின. நல்லெண்ணத்தில் பூசுகிற பூச்சுக்கும் எப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு பேர் தினமும் அமோனியா ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். குழல் கண்ணாடியாக மின்ன வேண்டும் என்ற வெறி தேவையில்லை. ரைஃபிள் கிளப்பில் .22 சுடும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அப்படியே துடைத்து எடுத்த குழலில் முதல் சில குண்டுகள் வேறு இடத்தில்தான் விழும், மறுபடி மெழுகும் ஈயமும் கொஞ்சம் படிந்த பிறகுதான் குறி நிலைக்கும். அவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் சேம்பர் முடிகிற விளிம்பு. .22 கேப் மருந்தில் பொடித்த கண்ணாடி சேர்ப்பது உண்டு, அதுவும் கரியும் சேர்ந்து அங்கே ஒரு கெட்டி வளையமாக உட்காரும். மற்றபடி சிந்தி சாம்பல் நிறத்தில் வந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

இப்போது உங்கள் இதழ் மூலமாக ஒரு கோரிக்கை. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலில் எல்லா லைசென்ஸ்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று இல்லை. மாவட்டத்தில் ஸ்கிரீனிங் கமிட்டி உட்கார்ந்து, ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் எங்கள் பக்கம் எல்லாரும்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சரி, கொடுக்கிறோம், அதில் எனக்குச் சண்டை இல்லை, தேர்தல் அமைதியாக நடந்தால் போதும். ஆனால் நான் தம்பியோடு போய் வாங்கியபோது பார்த்தேன், ஒரு மூலையில் சிமெண்ட் தரையில் குழல் வாய் கீழே படச் சாய்த்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒழுகிய குழாய். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை, அவர்களுக்கும் இடம் கிடையாது, அந்த ஏட்டையா பாவம் தன் நாற்காலிக்குப் பின்னால்தான் அத்தனையையும் காபந்து பண்ணியிருந்தார். சுவரில் ஒரு மரச்சட்டம் அடித்து நிமிர்த்தி வைக்க அதிகம் செலவாகாது. வாங்கும்போது ரசீதில் குழல் உள்ளே எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதலாம். இரண்டரை மாதம் வைத்திருக்கும் நேரத்தில் நடுவில் ஒரு நாள், அவர்கள் கண் முன்னாலேயே, சொந்தக்காரர் வந்து எண்ணெய் துடைத்துவிட்டுப் போக அனுமதிக்கலாம்.

ஒப்படைப்பவர்களும் பாலித்தீன் பை சுற்றாதீர்கள், உள்ளே வேர்த்துத் தண்ணீர் நிற்கும். சாக்கு ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைக்கும். தோல் உறை பார்க்க அழகு, அதைப் பதனிட்ட உப்பே துருவுக்குக் காரணமாகும். கொடுப்பதற்கு முந்தின நாள் சுத்தம் செய்து, மெஷின் எண்ணெய் தொட்ட சிந்தி ஒரே ஒரு தடவை, வெளியே மெல்லிசாக ஒரு துடைப்பு, உலர்ந்த பருத்தித் துணி உறை, அவ்வளவுதான். ஒரு சின்னச் சீட்டில் "குழலில் எண்ணெய் உள்ளது, சுடும் முன் துடைக்கவும்" என்று எழுதி விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் கட்டிவிடுங்கள், மூன்று மாதம் கழித்து உங்களுக்கே மறந்திருக்கும்.

இரும்பு நார் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் நல்லது. தம்பி வாங்கி வைத்திருந்த இரும்பு நார் பாக்கெட்டை அவன் வீட்டுக்காரி அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.
(பெயர் போட வேண்டாம், அப்புறம் ஊரில் உள்ள அத்தனை பேரலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும்.)